முறை கடந்த காதலும் எல்லையின் வரலாறும்: ‘லோன் ஸ்டார்’ திரைப்படம் பற்றிய ஓர் ஆய்வு

தோற்றுவாய்

இன்னார் இன்னாரை மணத்தல் கூடும், இன்னாரை மணத்தல் கூடாது என்னும் வரையறை எல்லா மக்கட் கூட்டத்திற்கும் உண்டு. ஆயினும், அவ்வரையறையின் கோடு எல்லா இடத்தும் ஒரே வழியாகச் செல்வதில்லை. தமிழரிடையே மாமன் மகளும் அத்தை மகளும் மணத்திற்குரிய முறைப்பெண்டிர் ஆவர். சிற்றப்பன் மகளோ உடன்பிறந்தாளாகவே எண்ணப்படுவாள். அமெரிக்க நாட்டின் டெக்சாஸ் மாநிலம் இவ்வேறுபாட்டை அறியாது. 2005-ஆம் ஆண்டில் அங்கு இயற்றப்பட்ட சட்டம், உடன்பிறந்தாருடைய மக்கள் தம்முள் மணந்துகொள்ளுதலை ஒருங்கே விலக்கிற்று. நம்மிடத்து உரிமையெனப் பேசப்படும் மணம் அங்குச் சட்டத்திற்கு மாறானதாகின்றது. எனவே, முறை என்பது குருதியால் மட்டும் அமைவதன்று. குருதியைப் பற்றி ஒரு சமுதாயம் கொண்ட கொள்கையாலும், அக்கொள்கை வளர்ந்த வரலாற்றாலும் அமைவது என்பது பெறப்படும்.

இவ்வுண்மையை அதே டெக்சாஸ் மாநிலத்தைக் களமாகக் கொண்டு காட்டிய படைப்பு ஒன்று உண்டு. ஜான் சேல்ஸ் எழுதி இயக்கி 1996-ஆம் ஆண்டு சூன் திங்களில் வெளிவந்த ‘லோன் ஸ்டார்’ என்னும் திரைப்படமே அது. ‘ஒற்றை விண்மீன்’ என்பது அப்பெயரின் பொருள். டெக்சாஸ் மாநிலக் கொடியில் உள்ளதும் அவ்விண்மீனே. கதையில் மண்ணுக்குள்ளிருந்து கிடைக்கும் காவல் தலைவனின் மார்புச் சின்னமும் விண்மீனே. ஒரு தந்தைக்கு இரு தாயர் வயிற்றிற் பிறந்த ஆணும் பெண்ணும் தம் உறவை அறியாமல் காதலித்ததும், அறிந்தபின் அவர்கள் கொண்ட முடிவும் இப்படத்தின் உள்ளீடு ஆகும். அக்காதலை ஒரு குடும்பத்தின் மறைபொருளாக மட்டும் கொள்ளாமல், எல்லைநாடு ஒன்றின் வரலாறு ஈன்ற விளைவாகக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

படைப்பாளரும் படைப்பும்

1950-இல் பிறந்த ஜான் சேல்ஸ் முதலில் சிறுகதையும் நாவலும் எழுதியவர். பிறருக்குத் திரைக்கதை எழுதி ஈட்டிய பொருளைக் கொண்டு, ஏறத்தாழ 60,000 டாலர்ச் செலவில் தம் முதற்படத்தை எடுத்தார். பெரிய நிறுவனங்களின் ஆணைக்கு உட்படாது, தாமே எழுதித் தாமே இயக்கித் தாமே தொகுக்கும் முறையைப் பின்னும் கைக்கொண்டார். அமெரிக்கத் தனிவழித் திரைப்பட இயக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவராக அவர் மதிக்கப்பெறுவதற்கு இதுவே காரணம். ‘லோன் ஸ்டார்’ படத்திற்குப் பொருள் உதவியது காசில் ராக் என்னும் நிறுவனமாயினும், எழுத்தும் இயக்கமும் தொகுப்பும் சேல்சின் கையிலேயே இருந்தன.

வரலாற்றில் அவர்க்கிருந்த நாட்டம் முன்னைய படங்களாலும் விளங்கும். 1987-இல் வெளிவந்த ‘மேட்வான்’, மேற்கு விர்ஜீனிய நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் 1920-இல் நடத்திய போராட்டத்தைக் கூறுவது. 1988-இல் வெளிவந்த ‘எய்ட் மென் அவுட்’, 1919-ஆம் ஆண்டுப் பேஸ்பால் போட்டியில் நிகழ்ந்த கையூட்டை விரிப்பது. இவ்விரண்டும் நிகழ்ந்த செய்தியை எடுத்துரைப்பன. ‘லோன் ஸ்டார்’ கதையோ புனைவு. பிரான்டெரா என்னும் ஊரும் புனைவே. எல்லை என்னும் பொருளுடைய இசுப்பானியச் சொல்லே அவ்வூருக்குப் பெயராயிற்று. எனினும், ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் உள்ள ஈகிள் பாஸ், டெல் ரியோ முதலிய மெய்யான ஊர்களிற் படம் எடுக்கப்பெற்றது. அவ்வூர்களின் வரலாறே புனைவுக்கு அடிப்படையாய் நிற்கின்றது.

கதைப் போக்கு

பழைய சுடுபயிற்சித் திடலில் படைவீரர் இருவர் மண்டையோடு ஒன்றையும், மோதிரம் ஒன்றையும், ஷெரீபின் விண்மீன் சின்னத்தையும் கண்டெடுக்கின்றனர். ஷெரீப் என்பது சென்னையில் முன்னர் இருந்த வெறும் மதிப்புப் பதவி போன்றதன்று. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டு வட்டாரக் காவல் முழுவதையும் ஆளும் பதவி. 1957-இல் மறைந்துபோன சார்லி வேட் என்னும் கொடிய ஷெரீபின் எலும்புகளே அவை. அவனுக்குப் பின் அப்பதவியை ஏற்று ஊரார் போற்ற ஆண்டவர் பட்டி டீட்ஸ். அவருடைய மகன் சாம் டீட்ஸ் இப்பொழுது ஷெரீபாக இருக்கின்றான். வேட்டைக் கொன்றவர் தன் தந்தையே என ஐயுற்றுச் சாம் துப்புத் துலக்குகின்றான்.

பள்ளிப் பருவத்தில் சாம் காதலித்த பெண் பிலார் குரூஸ் என்பவள். காரில் அமர்ந்தவாறே படம் பார்க்கும் திறந்தவெளித் திரையரங்கில் இருவரும் கூடியிருந்தபோது, பட்டி டீட்ஸ் நேரில் வந்து அவர்களைப் பிரித்தார். ஆண்டுகள் பல கழிந்தன. பிலார் இப்பொழுது வரலாற்றாசிரியை, கணவனை இழந்தவள், இரு மக்களுக்குத் தாய். சாமும் மணமுறிவு பெற்றவன். பழைய காதல் மீண்டும் தளிர்க்கின்றது.

துப்புத் துலங்கும்பொழுது இரண்டு உண்மைகள் வெளிப்படுகின்றன. வேட்டைச் சுட்டவன் பட்டி அல்லன். கறுப்பின இளைஞனான ஓட்டிசை வேட் கொல்ல முற்பட்டபோது, அவனுடைய துணைக் காவலன் ஹாலிஸ் சுட்டான். பின்னாளில் ஊரின் மேயராக விளங்குபவன் அந்த ஹாலிசே. மற்றோர் உண்மை, பிலாரின் தாயாகிய மெர்சிடிஸ் குரூசுக்கும் பட்டிக்கும் நெடுநாள் உறவு இருந்தது என்பது. மெர்சிடிசின் கணவன் எலாடியோ, மெக்சிக்கரைக் களவில் ஆற்றைக் கடத்தினான் என்று வேட்டினாற் பாலத்தில் கொல்லப்பட்டவன். அவன் இறந்து ஒன்றரை ஆண்டு கழிந்த பின்னரே பிலார் பிறந்தாள். பிலாரின் தந்தை பட்டியே. சாமும் அவளும் உடன்பிறந்தார்.

கைவிடப்பட்ட அதே திரையரங்கில், வெறுந்திரையின் எதிரே அமர்ந்து, சாம் இதனைப் பிலாருக்குக் கூறுகின்றான். அவள் இனி மகப்பேறு வாய்க்காத உடலினள். பிரிவதில்லை என இருவரும் முடிவு கொள்கின்றனர். முன்னைய வரலாற்றையெல்லாம் மறந்து, தொடக்கத்திலிருந்து தொடங்குவோம் என்னும் கருத்துப்பட வரலாற்றாசிரியை கூறுவதோடு படம் முடிகின்றது. மறக்குமாறு அவள் பெயர் சுட்டுவது அலமோ.

கோடு விழுந்த கதை

அலமோ என்பது யாது? சான் அன்டோனியோ நகரில் உள்ள பழைய கிறித்தவ மடம் அது. 1836-ஆம் ஆண்டு பிப்ரவரி 23 முதல் மார்ச்சு 6 வரை பதின்மூன்று நாள் மெக்சிக்கப் படை அதனை முற்றுகையிட்டுக் கைப்பற்றியது. உள்ளிருந்து போரிட்டோர் மாண்டனர். அன்று தொட்டு டெக்சாசில் அலமோவை நினைவிற் கொள்ளுதல் விடுதலை வீரத்தின் அடையாளமாயிற்று. மெக்சிக்கோ 1829-இலேயே அடிமை முறையை ஒழித்ததும், டெக்சாசிற் குடியேறிய வெள்ளையர் அடிமைகளை விடாது வைத்துக்கொள்ள விரும்பியதும், மெக்சிக்க மரபினர் சிலரும் அலமோவினுள் நின்று போரிட்டு மாண்டதும் அந்நினைவில் நெடுங்காலம் இடம்பெறவில்லை. நினைத்தல் என்னும் பெயரால் மறத்தலும் உடன் நிகழ்ந்தது.

1845-இல் டெக்சாஸ் அமெரிக்க நாட்டோடு இணைந்தது. 1846-இல் தொடங்கிய போர், 1848 பிப்ரவரி 2-ஆம் நாள் குவாடலூப் இடால்கோ உடன்படிக்கையால் முடிந்தது. ரியோ கிராண்டே ஆறு இரு நாட்டின் எல்லையாக உறுதி செய்யப்பட்டது. அதுவரை இரு கரையிலும் உறவினராய் வாழ்ந்தோர்க்கு இடையே ஒரு கோடு விழுந்தது. ஆற்றைக் கடந்து உறவினரைக் காணச் சென்றவர் பிற்காலத்திற் கள்ளத்தனமாக நுழைந்தவர் எனப்பட்டனர்.

இக்கோட்டைக் காத்தல் என்னும் பெயரால் நிகழ்ந்த கொடுமைகள் பல. 1918 சனவரி 28-இல் போர்வெனீர் என்னும் சிற்றூரில் மெக்சிக்க மரபினரான ஆடவரும் சிறுவருமாகப் பதினைவர், டெக்சாஸ் ரேஞ்சர் காவற்படையினராலும் அவரோடு சேர்ந்த பண்ணையாராலும் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1919-இல் சட்டமன்ற உறுப்பினர் கனாலெஸ் என்பவர் முயன்று அப்படையின் செயல்கள் பற்றி உசாவல் நடைபெறச் செய்தார். படத்தில் வரும் சார்லி வேட் புனைவு மாந்தனாயினும், அவன் எலாடியோவைச் சுட்ட செயல் இவ்வரலாற்றின் ஒரு கீற்றே என்க.

படத்தில் ஒரு காட்சி இவற்றையெல்லாம் சுருங்கக் காட்டுகின்றது. எலாடியோ இறந்த வகையை வினவ ஆற்றைக் கடந்து சென்ற சாமை, அங்கே பழைய சக்கரம் விற்பவர் ஒருவர் எதிர்கொள்கின்றார். கொக்கோ கோலாப் புட்டியால் அவர் மண்ணில் ஒரு கோடு கிழிக்கின்றார். இதனைத் தாண்டி வந்துவிட்டால் நீ ஷெரீப் அல்லன் என்கின்றார். ஆற்றின் நடுவே அரசர்கள் கிழித்த கோட்டிற்கும் புட்டியாற் கிழித்த கோட்டிற்கும் உள்ள வேறுபாடு, பின்னால் நிற்கும் படையின் அளவே என்பது சொல்லாமலே விளங்குகின்றது.

எழுதிய விலக்கும் எழுதா விலக்கும்

டெக்சாசில் மணம் பற்றிய விலக்குகள் இருவகைப்பட்டன. ஒன்று குருதி நெருங்கியோர் கூடாமை. மற்றொன்று குருதி வேறுபட்டோர் கூடாமை. பின்னதற்கு 1837-ஆம் ஆண்டிலேயே டெக்சாஸ் குடியரசு சட்டம் இயற்றியது. வெள்ளையரும் ஆப்பிரிக்க வழியினரும் தம்முள் மணத்தல் கூடாது என்றது. 1967 சூன் 12-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் லவ்விங் வழக்கில் இத்தகைய சட்டங்களைச் செல்லாவாக்கியபோது, அவற்றை வைத்திருந்த பதினாறு மாநிலங்களுள் டெக்சாசும் ஒன்று.

மெக்சிக்க மரபினர் நிலை இதனின் வேறானது. 1848 உடன்படிக்கை அவர்க்குக் குடியுரிமை தந்தது. குடியுரிமை அக்காலத்தில் வெள்ளையர்க்கே உரியதாகக் கொள்ளப்பட்டமையின், சட்டத்தின் கண்ணில் அவர் வெள்ளையராயினர். 1897-இல் ரிக்கார்டோ ரோட்ரிகெஸ் என்பவர் வழக்கில் கூட்டாட்சி நீதிமன்றம் மெக்சிக்கர் குடியுரிமை பெறத் தக்கவரே எனத் தீர்ப்பளித்தது. 1930-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் அவர் தனியினமாக எண்ணப்பட்டனர். 1940-இல் மீண்டும் வெள்ளையர் ஆயினர். ஆகவே, ஆங்கிலோ எனப்படும் ஆங்கில மொழி வெள்ளையரும் மெக்சிக்க மரபினரும் மணத்தலைத் தடுக்கும் சட்டம் டெக்சாசில் இருந்ததில்லை.

சட்டம் தடுக்காததை வழக்கம் தடுத்தது. பள்ளிகளிற் பிரிவு, உணவகங்களிற் பிரிவு, இடுகாட்டிலும் பிரிவு என அவ்வழக்கம் பரவியிருந்தது. படம் எடுக்கப்பெற்ற டெல் ரியோ நகரிலேயே, மெக்சிக்கப் பிள்ளைகளைத் தனிப் பள்ளியில் ஒதுக்கியதை எதிர்த்து 1930-இல் சால்வதியெரா என்பவரும் பிற பெற்றோரும் வழக்குத் தொடுத்தனர். இனம் பற்றிப் பிரித்தல் தகாது, மொழி பற்றிப் பிரித்தல் தகும் என மேல் நீதிமன்றம் கூறியமையின், பிரிவு வேறு பெயரால் நிலைத்தது. 1948-இல் டெல்காடோ வழக்கே இதற்கு முதல் அடி கொடுத்தது. 1954 மே 3-இல் உச்ச நீதிமன்றம் எர்னாண்டஸ் வழக்கில், ஜாக்சன் மாவட்டத்தில் இருபத்தைந்து ஆண்டுகளாக மெக்சிக்கப் பெயருடையார் ஒருவரேனும் நீதி ஆயத்தில் அமர்த்தப்படாமையைக் கண்டித்தது. அவ்வழக்கு நடந்த நீதிமன்றக் கட்டடத்திலேயே ஆடவர் கழிப்பிடம் இரண்டு இருந்தன. ஒன்றில் கறுப்பர்க்கும் இசுப்பானிய மொழியினர்க்கும் எனப் பலகை தொங்கியது.

எழுதிய விலக்கு, எழுத்தை அழித்தால் நீங்கும். எழுதா விலக்கு அங்ஙனம் நீங்குவதன்று. படத்தில் மண்டையோட்டைக் கண்டெடுத்த வெள்ளை வீரன், படைப்பணியிலுள்ள கறுப்பினப் பெண் ஒருத்தியை மணக்க விழைகின்றான். 1967-க்கு முன் அவ்வூரிற் குற்றமாயிருந்தது, 1996-இல் நண்பர் நகையாடிப் பேசும் செய்தியாகிவிட்டது. பட்டிக்கும் மெர்சிடிசுக்கும் இடையே இருந்த உறவோ எந்தச் சட்டத்தாலும் தடுக்கப்படாதது. எனினும் இருவரும் இறுதிவரை அதனை வெளியிட்டிலர்.

பொய்க் காரணம் மெய்க் காரணத்தை மறைத்தமை

இனி, படத்தின் நடுநாயகமான செய்திக்கு வருவோம். பட்டி டீட்ஸ் இளங்காதலரைப் பிரித்தமைக்குக் காரணம் யாது? பெண் மெக்சிக்க மரபினள், ஆதலின் பிரித்தார் என்பதே எவர்க்கும் முதலில் தோன்றும் விடை. படம் பார்ப்போரும் அவ்வாறே கருதுகின்றனர். மெய்க் காரணமோ அதற்கு நேர் மாறானது. வேற்றினத்தாள் என்பதற்காக அவர் பிரிக்கவில்லை. தன் மகள் என்பதற்காகவே பிரித்தார்.

இப்பொய்க் காரணம் எவராலும் புனைந்து பரப்பப்பட்டதன்று. நூற்றாண்டுக்கு மேற்பட்ட வழக்கம் அதனை ஆயத்தமாக வைத்திருந்தது. வெள்ளை ஷெரீப் ஒருவர் தம் மகனை மெக்சிக்கப் பெண்ணிடமிருந்து பிரித்தால், ஏன் என்று ஊரில் வினவுவார் இல்லை. மெர்சிடிசும் அவ்வாறே மகளைத் தடுத்தாள். அவளையும் ஏன் என்று வினவுவார் இலர். பட்டி மனைவியுடையவர் ஆதலின், இன வேறுபாடு இல்லாதிருப்பினும் அவ்வுறவு மறைவாகவே இருந்திருக்கும் எனலாம். அது மெய்யே. ஆயினும், அவ்வூரிற் பிரிவு வழக்கு இல்லாதிருந்தால், காதலரைப் பிரித்தமைக்குக் காரணம் கூற வேண்டியிருந்திருக்கும். காரணம் கூறப் புகுந்தால் உண்மை வெளிப்பட்டிருக்கும். உண்மை வெளிப்பட்டிருந்தால் நடுவயதில் அவர்கள் மீண்டும் கூடியிருத்தல் அரிது. ஆகவே, குருதி கலத்தல் கூடாது என்ற பழைய விலக்கே, ஒரே குருதியினர் கூடுதற்கு வழி செய்தது. ஒரு விலக்கு மற்றொரு விலக்கை உடைத்த இம்முரணே படத்தின் உயிர்நாடி என்பது எம் கருத்து.

மெர்சிடிசின் பாத்திரம் இதனை மேலும் தெளிவிக்கின்றது. இளமையில் இரவில் ஆற்றைக் கடந்து வந்தவள் அவள். உணவகம் நடத்திச் செல்வம் பெற்றபின், தன் முன்னோர் இசுப்பானியர் என்கின்றாள். பணியாளரை ஆங்கிலம் பேசுமாறு கடிகின்றாள். ஆற்றைக் கடந்து வருவோரைக் கண்டால் எல்லைக் காவலர்க்குத் தெரிவிக்கின்றாள். மகளுக்குத் தந்தையை மறைத்தவள், தன் பிறப்பையும் தனக்கே மறைத்துக்கொண்டாள். இரு மறைப்பிற்கும் ஊற்று ஒன்றே.

ஓட்டிசின் கிளைக்கதையும் வீணாக வைக்கப்பட்டதன்று. தன் மதுக்கடையின் பின்கட்டில் கறுப்புச் செமினோல் மக்களுடைய நினைவுப் பொருள்களை அவர் தொகுத்து வைத்திருக்கின்றார். அடிமைத்தனத்தினின்று தப்பிய ஆப்பிரிக்க வழியினரும் புளோரிடாவின் செமினோல் பழங்குடியினரும் கூடி உருவான மக்கள் அவர். 1850-இல் அவருள் ஒரு சாரார் ஜான் ஹார்ஸ் முதலியோர் தலைமையில் மெக்சிக்கோவுக்குச் சென்றனர். 1870 முதல் அமெரிக்கப் படையின் வழிகாட்டி வீரராகத் திரும்பி வந்தனர். அவருள் நால்வர் அந்நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் பெற்றனர். 1914-இல் அப்படைப் பிரிவு கலைக்கப்பட்டது. எல்லையின் இருபுறத்தும் உறவுடைய அம்மக்களின் கதையை, தன்னைப் பார்க்க வந்த பேரனுக்கு ஓட்டிஸ் கூறுகின்றார். குருதி என்பது தூய நீரோட்டமன்று, பல கால்கள் வந்து கலந்த ஆறு என்பது அங்கே நேர்முகமாக உணர்த்தப்படுகின்றது.

காலத்தைக் காட்டும் முறை

திரைப்படங்கள் பொதுவாக இறந்தகால நிகழ்ச்சியைக் காட்டும்பொழுது காட்சியை வெட்டியோ மங்கச் செய்தோ வேறு காலத்திற்குச் செல்லும். சேல்ஸ் பல இடங்களில் அவ்வாறு செய்யவில்லை. ஒருவர் பழங்கதை கூறிக்கொண்டிருக்க, ஒளிப்படக் கருவி வெட்டின்றி மெல்லத் திரும்புகின்றது. அதே மேசையில், அதே ஆற்றங்கரையில், நாற்பதாண்டுக்கு முந்தைய மாந்தர் இருக்கின்றனர். இன்றைக்கும் அன்றைக்கும் நடுவே கோடு கிழிக்காத இம்முறை கதைப் பொருளோடு ஒன்றியது. நிலத்தின் மேல் எல்லை கிழிக்கும் மக்கள், காலத்தின் மேலும் எல்லை கிழித்து, அஃது அன்று, இஃது இன்று எனக் கூற விரும்புவர். படத்தின் ஒளிப்பதிவு அவ்விருப்பத்தை மறுக்கின்றது.

இங்குக் கிரேக்க நாடகம் ஒன்று நினைவிற்கு வருகின்றது. சோபக்கிளிசின் ஈடிப்பசும் கொலையாளியைத் தேடப் புகுந்து தன் பிறப்பைக் கண்டவனே. ஆயினும், அங்குக் குற்றம் நகரைக் கொள்ளைநோயாய் வருத்துகின்றது. அறிந்தபின் தாய் உயிர் துறக்கின்றாள். மகன் கண்ணைக் குத்திக்கொள்கின்றான். இங்கு நோயும் இல்லை, தண்டமும் இல்லை. ஈடிப்பசின் நகர் ஒருவனது குற்றத்தால் வருந்தியது. பிரான்டெராவில் ஊரின் குற்றத்தால் இருவர் வருந்துகின்றனர். தண்டம் அவர்களைச் சாராமைக்குப் படைப்பாளர் கண்ட நீதி இதுவாகலாம்.

மறத்தல் தகுமோ?

வரலாறு கற்பிப்பவள் வாயாலேயே வரலாற்றை மறப்போம் என்று கூறுவித்தது பொருந்துமோ என்னும் வினா எழுதல் இயல்பு. பிலார், பள்ளியில் எத்தரப்பின் வரலாற்றைக் கற்பிப்பது என்று பெற்றோர் பூசலிட்டபோது, எல்லாத் தரப்பையும் கற்பிக்க வேண்டும் என வாதிட்டவள். அவளே மறக்க விழைவது முரண் போலத் தோன்றும். 1882-இல் பாரிசில் ஆற்றிய சொற்பொழிவில் ரெனான் என்னும் பிரெஞ்சு அறிஞர், மறத்தலின்றி ஒரு தேசிய இனம் உருவாதல் இல்லை என்னும் கருத்தை வெளியிட்டார். அவர் கூறிய மறதி, வென்றோர் தம் கொடுமையை மறப்பது. பிலாரின் மறதி அத்தகையதன்று. அறியாமலிருத்தல் வேறு, அறிந்தபின் அதற்கு அடிமையாகாதிருத்தல் வேறு. அவள் மறுப்பது நிகழ்ச்சியை அன்று, நிகழ்ச்சி தன்மேல் செலுத்த முயலும் ஆட்சியையே என்று கொள்ளுதல் சாலும்.

எனினும், இவ்விளக்கத்தோடு அமைதல் இயலாது. ஒரே தந்தையின் மக்கள் கூடுதல் டெக்சாஸ் தண்டச் சட்டத்தின்படி இன்றும் குற்றமே. ஆதலின், அவர்கள் சேர்ந்து வாழ வேண்டுமாயின் தம் உறவை மறைத்தே வாழ வேண்டும். தந்தையும் தாயும் காத்த மௌனத்தையே மக்களும் காக்க நேர்கின்றது. வேட்டின் கொலை பற்றியும் அவ்வாறே. உண்மையை அறிந்த சாம், ஹாலிசைக் காட்டிக்கொடாமல், தன் தந்தையே கொன்றார் என்னும் ஊர்க் கதையை அப்படியே விட்டுவிடுகின்றான். பொய்யை ஆராயத் தொடங்கிய படம், இரண்டு மறைப்புகளோடு முடிகின்றது. பிலாரின் மக்கள் ஒருநாள் இதே வினாவை எழுப்பின், அவர்க்கு விடை கூறுவார் யார்? படம் இதனைக் கூறவில்லை. மறத்தல் இருவர்க்கு விடுதலை தரலாம். அடுத்த தலைமுறைக்கு அது மீண்டும் ஒரு புதைகுழியாகலாம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், ‘லோன் ஸ்டார்’ முறை கடந்த காதலைப் போற்றும் படமும் அன்று, தூற்றும் படமும் அன்று என்பது புலனாகும். ஒரு சமுதாயம் யாரை யாரிடமிருந்து பிரிக்கின்றது என்பதை ஆராய்ந்தாலன்றி, யார் யாருக்கு உறவு என்பதை அறிய முடியாது என அது காட்டுகின்றது. 1837-இன் சட்டமும், 1848-இன் கோடும், 1930-இன் பள்ளிச் சுவரும் ஒரு வீட்டின் உள்ளறைவரை நீண்டு, இரு மக்களின் பிறப்பை மறைத்தன. அரசியல் வரலாறு வேறு, குடும்ப வரலாறு வேறு எனப் பகுத்து ஆராயும் வழக்கத்தை இப்படம் ஐயுறச் செய்கின்றது. எல்லைநாடுகளின் வரலாற்றை எழுதப் புகுவோர் உடன்படிக்கைகளையும் தீர்ப்புகளையும் படிப்பதோடு நில்லாமல், மணங்களையும் மறைக்கப்பட்ட பிறப்புகளையும் உசாவுதல் வேண்டும். பிரிக்கப்பட்ட கரைகளுக்கு இடையே உறவு ஓடிய வழி அவற்றிலேதான் தெரியும்.